பதவுரை, பொழிப்புரை, வீட்டம்மா உரை

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். சினிமா சோகப்பாட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. டீக்கடையில் ஒருவர், சலூனில் ஒருவர், கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருக்கும்வரை காத்திருப்பவர்களில் நாலைந்து பேர் என்று நாடெங்கும் உரைகாரர்கள்தான். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தப் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அசோசியேஷன் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றவனுக்கு வேறு என்ன பொதுவாழ்க்கை இருக்கிறது?

தகுதி என்ன என்று கேட்பீர்கள். பாட வராது. ராக ஞானம், சிவரஞ்சனி என்றால் கண்ணீர் விடலாம், மோகனம் என்றால் விடக்கூடாது என்ற அளவில் நிற்கிறது. ஆனால் முகம் இருக்கிறது. பிறவியிலேயே சோகமான முகம். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பத்திரிகை வைக்கப் போன இடத்தில்கூடக் கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு நகைச்சுவைப் பாட்டுக்கா உரை சொல்ல முடியும்?

என் உரைநெறி மிகவும் கறாரானது. சங்கப் பாட்டுக்குக் கீழே, 'தலைவி தோழிக்குச் சொல்லியது' என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நிலையில் சொன்னது என்று தெரிந்தால்தான் பாட்டு பிடிபடும். சினிமாவில் அந்தக் குறிப்புக்குப் பெயர் சிச்சுவேஷன். டைரக்டர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் ட்யூன் போடுவார், அதற்குள் கவிஞர் வார்த்தையை உட்கார வைப்பார். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில்கூடப் பாட்டுக்கு முன்னால் கதைச் சுருக்கம் போட்டு, கதை சூடுபிடிக்கிற இடத்தில், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடுவார்கள்.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது ரேடியோ. இலங்கை வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயர் சொல்வார், பாடியவர் பெயர் சொல்வார், எழுதியவர் பெயரும் சொல்வார். பாடுகிற பாத்திரத்துக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் சொல்லமாட்டார். படம் பார்க்காதவர்கள் அந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, 'இசையும் கதையும்' என்று ஒரு நிகழ்ச்சியே நடந்தது. ஒரு கதை, நடுநடுவே அதற்குப் பொருந்துகிற பாட்டுகள். டைரக்டர் சொன்ன சிச்சுவேஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேயர்கள் ஆளுக்கொரு சிச்சுவேஷனை மாட்டிக்கொண்டார்கள். அன்று விட்ட பிடி இன்றுவரை திரும்பவில்லை.

நான் உரை சொல்ல எடுத்துக்கொள்கிற பாட்டுகள் பெரும்பாலும் 1961, 62-ஐச் சேர்ந்தவை. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைக்க, அந்த இரண்டு வருஷத்துக்குள் 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'சுமைதாங்கி', 'பாத காணிக்கை' என்று வரிசையாக வந்தன. தமிழ்நாடு அழுது முடிக்குமுன் அடுத்த படம் வந்துவிட்ட காலம். ஒரு உரைகாரனுக்கு ஆயுள் முழுவதும் போதும்.

முதலில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஸ்ரீதர் படம். கதை ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. நோயாளிக் கணவன் முத்துராமன். மனைவி தேவிகா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் கல்யாண்குமாரோ அவளை முன்பு காதலித்தவர். தான் பிழைக்காவிட்டால் நீ அவரை மணந்துகொள் என்று கணவன் சொல்ல, அதற்கு அவள் சிதாரை மீட்டிக்கொண்டு பாட்டாலேயே பதில் சொல்கிறாள். சுசீலா குரல். வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். அந்தக் காட்சி டி.வி.யில் ஓடும்போது நான் சத்தத்தைக் குறைத்து, கற்பு, தியாகம், இல்லறம் என்ற மூன்று தலைப்புகளில் பொழிப்புரை தொடங்கினேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள சிதாரை யார் விட்டது?" என்றாள்.

"அது தனி ரூம்."

"தனி ரூம்னா? உங்க அப்பாவைச் சேர்த்திருந்தப்ப ஒரு ஃபிளாஸ்க்கை உள்ள கொண்டுபோக வாட்ச்மேன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன்?"

இது வீட்டம்மா உரை. பரிமேலழகருக்கு இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பாட்டு எப்போது வந்தாலும் எனக்கு இப்போது சுசீலாவின் குரலோடு ஃபிளாஸ்க்கும் சேர்ந்தே வருகிறது.

அதே படத்தில் இன்னொரு பாட்டு. இன்னொருவன் மனைவியாகிவிட்ட பழைய காதலியை டாக்டர் வாழ்த்திப் பாடுவது. ஏ.எல். ராகவன் குரலில் உருகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேவ் செய்துகொள்ளும்போது அதை முணுமுணுத்தேன். அதற்கு உட்பொருள், வெளிப்பொருள் எதுவும் கிடையாது. தாடையில் பிளேடு திரும்புகிற வளைவுக்கு அந்த மெட்டு சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

"யாரு?" என்றது சமையலறை.

"எது யாரு?"

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு காலங்கார்த்தால யாரை வாழ்த்துறீங்க?"

நான் சிச்சுவேஷனை விளக்கினேன். டாக்டர், நோயாளி, தியாகம் எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது படத்துல. இங்க யாரு?" என்றாள். மதியம் என் தங்கை போன் செய்து, "அண்ணா, அண்ணி ஏதோ கேட்டாங்க, நம்ம பழைய தெருவில அப்படி யாராவது இருந்தாங்களான்னு" என்றாள். அப்படி யாரும் இல்லை. அதைச் சொன்னால் என் இளமைக்கு அவமானம். சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு ஆபத்து. சோகப்பாட்டுக்கு நேர்மையான சிச்சுவேஷன் அன்றுதான் எனக்கு அமைந்தது.

அடுத்தது 'சுமைதாங்கி'. பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடியது. உன்னைவிடத் துன்பப்படுகிறவர்களை எண்ணிப்பார், மனம் ஆறும் என்பது அதன் சாரம். இந்தப் பாட்டின் பெருமைக்குக் கவிஞர் வாலியே சாட்சி. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் வெறுத்துப்போய், ஊரைக் காலிசெய்து கிளம்ப இருந்த நேரத்தில், ஸ்ரீனிவாஸ் இதை அவருக்குப் பாடிக் காட்டினார். வாலி பயணத்தை ரத்து செய்தார். பிறகு அவர் ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார் என்பது ஊரறிந்த சரித்திரம்.

நானும் அந்தப் பாட்டின் வழியே நடந்து பார்த்தேன். மாசக் கடைசி. வீட்டுக்கடன் தவணை போய், கரண்ட் பில் போய், மிச்சமிருப்பதை எண்ணக் கை தேவையில்லை என்ற நிலை. மொட்டை மாடிக்குப் போய், நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர் இந்த பிளாக்கில் யார் என்று நிதானமாக யோசித்தேன். இரண்டாவது மாடிக்காரருக்கு வேலை போய்விட்டது. பாவம் என்று ஆறுதல் அடையப் போனேன். அவர் பெண்டாட்டிக்கு பாங்க் உத்தியோகம் என்பது நினைவுக்கு வந்தது. மூன்றாவது மாடிக்காரருக்கு முழங்கால் வலி. ஆனால் பையன் சிங்கப்பூரில். தரைத்தளத்துக்காரர் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வரும். ஆனால் அவர் வாடகைக்கு இருக்கிறார், காலி செய்துவிடலாம். இப்படி யோசித்துக்கொண்டே துணி காயப்போடுகிற கொடியருகே வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்புறம் இருவர் பேசுவது கேட்டது. "நமக்காவது பரவாயில்லை சார். நாலாவது மாடிக்காரரைப் பாருங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது." நாலாவது மாடி நான்தான். பிளாக் முழுவதும் அந்தப் பாட்டின்படிதான் நடக்கிறது. எல்லோரும் ஆறுதல் அடைவது என்னை எண்ணி. வாலியை ஊரில் நிறுத்திய பாட்டு, என்னை ஒரு பொதுநல நிறுவனமாக ஆக்கிவிட்டது.

'பாலும் பழமும்' படத்தில் ஒரே மெட்டு இரண்டு தடவை வரும். முதலில் மகிழ்ச்சியாக, பிறகு சோகமாக. சௌந்தரராஜன், சுசீலா. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற டாக்டர் சிவாஜி, மனைவி சரோஜாதேவிக்குக் காசநோய், அவள் விலகிப்போகிறாள், அவனுக்குப் பார்வை போகிறது, வேறு பெயரில் நர்ஸாக வந்து அவனைக் கவனித்துக்கொள்கிறாள். அதே மெட்டு, சிச்சுவேஷன் மாறியதும் எப்படி வேறு அர்த்தம் கொள்கிறது என்று நான் மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விருந்துக்கு வந்தவர், எழுந்துபோக முடியாது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "கண்ணு போனா என்ன மாப்பிள்ளை? காது இருக்கே. கட்டின பெண்டாட்டி குரல் தெரியாதா?" என்றார்.

உரையில் இந்த இடம் கொஞ்சம் கடினம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் மகளே பதில் சொல்லிவிட்டாள். "அதும்மா, கண்ணு நல்லா இருக்கிற ஆம்பிளைக்கே அது கேக்காது. இவர் செல்போனைப் பார்த்துட்டிருக்கும்போது கூப்பிட்டுப் பாரு." பரிசோதனையும் உடனே நடந்தது. நான் அப்போது பாட்டைத் தேடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து சிரித்த பிறகுதான் தலைநிமிர்ந்தேன். என் மகள் அப்போது, "இதுதான்ப்பா சந்தோஷ வெர்ஷன்" என்றாள்.

அந்தப் பெண்ணிடம்தான் என் உரைநெறியே தடுமாறுகிறது. 'மூன்றாம் பிறை' படத்துத் தாலாட்டு, கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. 1981 அக்டோபர் 17-ஆம் தேதி அவர் சிகாகோவில் காலமானார். படம் 1982-இல் வந்தது. யேசுதாஸ் பாடி, இளையராஜா இசையமைத்தது. கவிஞர் தன் முடிவை உணர்ந்து தமிழுக்கே விடை சொல்லியிருக்கிறார் என்று நான் குரல் தழுதழுக்கச் சொல்வது வழக்கம். அந்தத் தழுதழுப்புக்கு நல்ல பெயர் உண்டு. மண்டபங்களில் அந்த இடத்தில் பாயசம்கூட இரண்டாம் தடவை வரும். மகள் கேட்டாள்: "அப்பா, அவருக்கு பாலுமகேந்திரா என்ன சொல்லியிருப்பார்? விபத்துல அடிபட்டு மனசு குழந்தையாயிட்ட ஒரு பொண்ணை ஒருத்தன் தூங்க வைக்கிறான்னுதானே? அவர் அந்தப் பொண்ணுக்காக எழுதினார். அதுதான் கடைசிப் பாட்டுன்னு நமக்குத்தானே தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? நாமதான் பின்னாடி போய் அழறோம்."

சிச்சுவேஷன் தெரியாமல் பொருள் சொல்லாதே என்பது என்னுடைய விதி. என் விதியை என்மேலேயே ஏவிவிட்டாள். படித்த பெண்களை வீட்டில் வைத்துக்கொண்டு இலக்கியம் செய்ய முடியாது.

இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகு என் சித்தாந்தத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். சோகப்பாட்டுக்கு டைரக்டர் சொன்ன சிச்சுவேஷன்தான் பொருள் என்பது தியேட்டருக்குள் சரி. வீட்டுக்குள் டைரக்டர் வேறு. அங்கே பாட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதை இவன் இப்போது ஏன் முணுமுணுக்கிறான் என்றுதான் கேட்பார்கள். காதல் தோல்விப் பாட்டென்றால் துப்பு விசாரணை, தத்துவப் பாட்டென்றால் பாஸ்புக் சோதனை, தாலாட்டென்றால் 'மத்தியானமே தூங்கியாச்சே, இன்னுமா?' என்ற கேள்வி. நான் பாட்டுக்கு உரை எழுதிக்கொண்டிருக்க, வீடு எனக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறது. அவர்கள் உரைதான் மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதாகத் தெரிகிறது.

ஆகவே இப்போதெல்லாம் யாருக்கும் சந்தேகம் வராத பாட்டாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். 'பாத காணிக்கை'யில் சௌந்தரராஜன் பாடிய மரணத் தத்துவப் பாட்டு ரொம்பப் பாதுகாப்பானது. பட்டினத்தாரின் சிந்தனையைக் கண்ணதாசன் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. செத்தவன் பின்னால் உறவும் மனைவியும் பிள்ளையும் எந்த எல்லையோடு நின்றுவிடுவார்கள் என்று கணக்கெடுப்பது. இதில் பழைய காதலி இல்லை, கடன் இல்லை, யாரும் தங்கைக்குப் போன் போட முடியாது. நேற்றுக் காலை ஊஞ்சலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுதாகப் பாடி முடித்தேன்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இதுல பெண்டாட்டி எது வரைக்கும் வருவாளாம்?"

"தெரு வரைக்கும்" என்றேன் கம்பீரமாக. நிலையாமையை எடுத்துச் சொல்ல நல்ல தொடக்கம்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து தெரு வரைக்கும் போறது நான் மட்டும்தான். ஒரு நாளாவது நீங்க போங்க" என்று பையைக் கையில் கொடுத்தாள். "பால் ரெண்டு பாக்கெட். நீலக் கவர், பச்சை இல்லை."