நான் கிழங்குக் கட்சி

நம் ஊர்த் தியேட்டரில் பாட்டு வந்ததும் நாலு பேர் தம்மடிக்க எழுந்து போனால் தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும். கான் திரைப்பட விழாவில் கூட்டமாக எழுந்து போனால் இயக்குநருக்கு உலகப் புகழ். 2002-இல் கஸ்பார் நோயேவின் 'இர்ரிவெர்சிபிள்' படத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. படத்தில் தீயணைப்புக் கருவியால் ஒருவன் முகத்தை நசுக்குகிறார்கள். அது போதாதென்று, முதல் அரைமணி நேரம் காதில் சரியாக விழாத ஒரு தாழ்ந்த ஒலியைப் பின்னணியில் ஓடவிட்டிருந்தார், பார்க்கிறவனுக்குக் குமட்ட வேண்டும் என்றே. காசு வாங்கிக்கொண்டு குமட்ட வைப்பதை எங்கள் பக்கத்து மினி பஸ்ஸும்தான் செய்கிறது. அதை எந்த விழாவிலும் சேர்த்துக்கொள்வதில்லை.

லார்ஸ் வான் ட்ரையரின் 'ஆன்டிகிரைஸ்ட்' (2009) இன்னொரு ரகம். நடுவில் ஒரு நரி வாயைத் திறந்து பேசும். அதற்குப் பிறகு நடப்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. எல்லாம் முடிந்ததும் 'தார்க்கோவ்ஸ்கிக்குச் சமர்ப்பணம்' என்று எழுத்து வரும். தார்க்கோவ்ஸ்கி 1986-லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் தரப்பைக் கேட்க வழியில்லை.

இதையெல்லாம் முழுக்கப் பார்த்தவன் நான், விரலிடுக்கு வழியாக. என் புகாரே அதுதான். அதிர்ச்சிப் படம் நமக்கு அளவுக்கு மீறிச் சலுகை கொடுக்கிறது. ரத்தம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும், கண்ணைப் பொத்திக்கொள்ளலாம். ஒருத்தி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது எந்தச் சாக்கில் கண்ணைப் பொத்துவது?

ஆகவே நான் கிழங்குக் கட்சி. தலைவி ஷந்தால் அக்கர்மான். 25 வயது நிரம்புவதற்குள் அவர் எடுத்த 'ழான் தீல்மான்' (1975) 201 நிமிடம் ஓடும். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவை. மகனுக்குச் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், பிற்பகலில் வாடிக்கையாளர் ஒருவரைப் படுக்கையறைக்கு அழைத்துப் போகிறாள். கேமரா வைத்த இடத்தைவிட்டு நகராது. இரண்டாம் நாள் வந்தவர் கிளம்பத் தாமதமாகிறது. அடுப்பில் கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு அலைகிறாள். எந்தப் பேய்ப் படத்திலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இதுவே முதலிடம். கட்சி ஆட்சியைப் பிடிக்க 47 வருஷம் ஆகியிருக்கிறது.

பேலா தார் எங்கள் ஹங்கேரிக் கிளைச் செயலாளர். அவருடைய 'டுரின் குதிரை'யில் (2011) அப்பனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று தினமும் வேகவைத்த கிழங்கு. ஒரு கை விளங்காத அப்பன் மறு கையால், சூடு ஆறுவதற்குள் தோலைப் பிய்த்து ஊதி ஊதித் தின்பான். மேற்கொண்டு கதைப் படம் எடுப்பதில்லை என்று தார் அறிவித்துவிட்டார். கிழங்கில் இனிச் சொல்வதற்கு ஏதுமில்லை என்று நினைத்திருக்கலாம்.

அலுவலக நண்பர் ஒருவர் "நல்ல உலகப் படமா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார். தீல்மானைச் சொன்னேன். பாதிப் படத்தில் போன் வந்தது. "ஏன் சார், இந்தம்மா ஒரு குக்கர் வாங்கிக்கக் கூடாதா?" குரலில் எரிச்சல் இல்லை, பதற்றம். படம் முடிந்ததும் மறுபடி அழைத்தார். கடைசியில் அவள் கத்தரிக்கோலால் ஒருவனைக் கொல்கிறாள். அதைப் பற்றி மூச்சே விடவில்லை. "நேத்து மட்டும் கிழங்கு குழையாம இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டேன். சந்தா கிடையாது, பொறுமை இருந்தால் போதும்.