ரூபாயிலா, பாட்டிலா?

பாங்காக் போகிறவர்கள் டிக்கெட்டில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்று ராத்திரி கண்விழிப்பார்கள். எந்த கார்டைக் கொண்டுபோவது என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள். பர்ஸில் எது இருக்கிறதோ அது. நானும் அந்தக் கட்சிதான்.

நான் போனபோது அங்கே ஏடிஎம்மில் நம் கார்டைச் செருகினால் தடவைக்கு 220 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம். 1,000 பாட் எடுத்தாலும் 220, 20,000 எடுத்தாலும் அதே 220. கையில் காசு இருந்தால் கரைந்துவிடும் என்று தினமும் ஆயிரம் ஆயிரமாக எடுத்த சிக்கனச் செம்மல் நான்.

நம்மூர் வங்கி சும்மா இருக்குமா? வெளிநாட்டில் எடுத்ததற்கு ஒரு கட்டணம், கரன்சி மாற்றியதற்கு மூன்றரை சதவீதம் வரை, கட்டணங்களுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கல்யாண வீட்டில்கூட ஒரு மொய்தான் எழுதுகிறோம்.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் ஏடிஎம் திரை ரொம்பப் பணிவாகக் கேட்டது: "தொகையை ரூபாயிலேயே கணக்கிடட்டுமா?" அந்நிய மண்ணில் ரூபாய் என்ற சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு நெகிழ்ந்து 'ஆம்' அமுக்கினேன். மாற்று விகிதத்தை ஏடிஎம்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள நான் கொடுத்த சம்மதம் அது என்று ஸ்டேட்மென்ட் வந்தபிறகுதான் உறைத்தது.

கரன்சி மாற்றுக் கட்டணம் இல்லாத கார்டுகள் நம்மூரிலேயே கிடைக்கின்றன. கிளம்பும் முன் ஒன்று வாங்கிவிடுங்கள்; போன இடத்தில் மொத்தமாக ஒரே தடவை எடுங்கள். இயந்திரம் கேட்டால், "பாட்டிலேயே கொடு" என்று சொல்லுங்கள். வீட்டில் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.