நேர்கோட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: உய்யக்கொண்டான் கரைவாசி, புத்தூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம், புது தில்லி.

பொருள்: எங்களை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் போனமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டப் பட்டியலில் சென்னை–மதுரை என்றுதான் இருந்ததாம். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துச் சென்னைக்கும் மதுரைக்கும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் திருச்சி மேலேயே போகிறது. பிறகு யாருக்கோ மனம் இரங்கி, மதுரை இருந்த இடத்தில் சேலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு இது, அந்தச் சாலையை எதிர்த்து வழக்கு நடந்த பிறகுதான் தெரியும். 2018-இல் தருமபுரியும் திருவண்ணாமலையும் சென்னை–சேலம் எட்டுவழிச்சாலை என்று அலறியபோது, புத்தூர் நாலு ரோட்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ வந்த கஷ்டம் என்று பேப்பர் படித்தோம். எங்கள் தலைக்கு வந்தது அவர்கள் தலைமேல் இறங்கியிருக்கிறது.

277 கிலோமீட்டர். பத்தாயிரம் கோடி ரூபாய். சேலத்துக்கு உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு சாலை, கிருஷ்ணகிரி வழியாக ஒரு சாலை இருக்க, ஐந்து மாவட்டங்களைக் கடந்து மூன்றாவதாக ஒன்று. வழியில் மலையடிவாரம், காப்புக்காடு, கிணறு, தென்னந்தோப்பு. பெயர் பசுமைவழிச்சாலை. பெயர் வைத்தவருக்கு என் தனி வணக்கத்தைச் சொல்லவும்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டாமா என்று கேட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கைக்கு முன்பே அனுமதி வாங்கவேண்டிய கட்டாயமில்லை என்றது. பட்டியலில் ஊரை மாற்றவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. தலைவணங்குகிறோம். சட்டம் படிக்காத என் பக்கத்து வீட்டுக்காரர்தான், "முகூர்த்தத்துக்கு நாள் குறிச்சிட்டு அப்புறமா பொண்ணுகிட்ட சம்மதம் கேப்பாங்களா சார்?" என்றார். அது செல்லும் என்று விளக்கி அனுப்பினேன்.

இரண்டு நீதிமன்றங்களும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. நிலம் கைக்கு வருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, பழையபடி எழுதுங்கள் என்பது. இதைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. செத்துப்போன அப்பா பெயரிலிருந்து பிள்ளை பெயருக்குப் பட்டா மாற்ற எங்கள் பக்கத்தில் செருப்புத் தேய நடக்கிறார்கள். உயிரோடு உழுதுகொண்டிருக்கிறவர் பெயரை எடுக்க எத்தனை சுறுசுறுப்பு! அந்தப் பணியாளர்களை ஒரு மாதம் எங்கள் பக்கம் அனுப்பினால் புண்ணியம்.

எங்கள் உய்யக்கொண்டான் வாய்க்காலை வெட்டியவர் உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. மேட்டைக் கண்டால் ஒதுங்குகிறது; உய்யக்கொண்டான் திருமலைப் பாறையைக் கண்டால் மரியாதையாகச் சுற்றிக்கொள்கிறது; வளைந்து நெளிந்து புத்தூருக்குள் வந்து, ஊரைத் தாண்டி வாழவந்தான்கோட்டை ஏரிவரை போகிறது. ராஜராஜ சோழன் காலத்து வேலை என்கிறார்கள். ஆயிரம் வருஷமாகியும் நேராகப் போகப் பழகவில்லை. வயலைப் பார்த்து வழி போட்டதால் வந்த கோளாறு. ஆறுகண் பாலத்தில் நின்று பார்த்தால் ஆகாயத்தாமரைக்கு அடியில் கறுப்பாக நகர்கிறதே, அந்தக் கறுப்பு நாங்கள் செய்த திருப்பணி. அதில் உங்களுக்குப் பங்கில்லை.

கொல்லிமலையும் இப்படித்தான் கெட்டுக்கிடக்கிறது. காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். திருப்பத்துக்குத் திருப்பம் மலையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஏறுகிற சாலை. உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நீங்கள் ஒரே கோடாகப் போட்டுக் கொடுத்தால், பலாப்பழமும் மிளகும் ஏற்றிய வண்டிகள் டீசலே இல்லாமல் இறங்கிவிடும். சேலம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று கணக்குச் சொன்னீர்களே, அதைவிடச் சீக்கிரம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகும் சாலை வந்தபாடில்லை. ஸ்கேல் சும்மா இருக்காது. பட்டியலில் மறுபடி ஊர் மாற்றத் தோன்றலாம். அப்படித் தோன்றினால், எந்த ஊரை எடுத்து எந்த ஊரைப் போடுகிறீர்கள் என்று ஒரு தபால் கார்டு போடவும். வயலூர், குழுமணிப் பக்கம் வாழை போடுகிறவர்கள் நிறையப் பேர். கன்று ஊன்றினால் தார் வெட்ட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். இந்த வருஷம் ஊன்றலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். சர்வே கல் வந்து பதில் சொல்வதைவிடக் கார்டு வந்து சொன்னால் செலவு குறைவு.

இப்படிக்கு,
தப்பித்தவன்.

நகல்: மதுரை (தகவலுக்காக), சேலம் (தகவலுக்கும் ஆறுதலுக்கும்).