புரோக்கர் உள்ளே வரக்கூடாது

எங்கள் ஓஎம்ஆர் குடியிருப்பில் இனி புரோக்கர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. பொதுக்குழுவில் மூன்று மணி நேரம் விவாதித்து, போண்டா தீர்ந்ததும் நிறைவேறிய தீர்மானம். உள்ளே வர ஆதார் நகல், ஓனர் கடிதம், ஓடிபி, லிஃப்ட் தேய்மானத்துக்கு 100 ரூபாய் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவைச் செயலாளர் துணைக்கு இழுத்தார். பதிவு செய்யாத தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் வீட்டின் விலையில் 5 சதவீதம். “அது ரெராவில் பதிவான புராஜெக்ட்டில் வாங்குவதற்கும் விற்பதற்கும்தான் சார், வாடகைக்கு இல்லை” என்றேன். மினிட்ஸில் என் பேச்சு ஏறவில்லை.

மறுநாள் ஒரு புரோக்கர் கேட்டில் வியர்த்து நின்றார். வாட்ச்மேன் அண்ணன் அறிவிப்புப் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். புரோக்கரோடு வந்த தம்பதியை மட்டும் நிழலுக்குக் கூப்பிட்டார்.

“பி பிளாக், மூணாவது மாடி, கிழக்கு பார்த்த வாசல். தண்ணி லாரி பிரச்சினை இல்ல. அந்தாளுக்கு ஒரு மாச வாடகை கொடுக்கணும். எனக்குப் பாதி போதும் மேடம்.”

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். 11 சாவிகள். ஒன்று, செயலாளர் வாடகைக்கு விடும் இரண்டாவது ஃபிளாட்டுடையது.