சித்தூர்–திருப்பதி மார்க்கத்தில் ஒரு தலை: வேலை பார்த்துக்கொண்டே படிப்போரின் முடிதிருத்தம் குறித்த ஓர் ஆய்வு

'திருப்பதியில் மொட்டையைத் தேடினாற்போல' என்று ஒரு பேச்சு உண்டு. நம் முன்னோர் மொட்டையைத் தேடுகிறவனுக்காகக் கவலைப்பட்டார்கள். அதே ஊரில், ஆபீசுக்கும் பொருந்தி வகுப்பறைக்கும் பொருந்தும்படி முடி வெட்டிவிட ஓர் ஆளைத் தேடுகிறவனைப் பற்றி ஒரு பழமொழியும் விட்டுவைக்கவில்லை. இத்துறையில் உள்ள இந்தப் பெரும் வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: சித்தூர் பஸ் ஸ்டாண்டு முதல் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரை, சுமார் 70 கிலோமீட்டர். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம். ஆகவே இங்குள்ள சலூனில் பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. அன்று முதல், சித்தூரில் வேலையும் திருப்பதியில் படிப்புமாக இருப்பவர் இரண்டு மாவட்டங்களுக்குத் தலை காட்ட வேண்டியவராகிறார். ஆய்வுப்பொருள் இந்த மனிதர்தான்: முப்பத்தைந்தைத் தாண்டியவர், சம்பளக்காரர், எப்போதோ விட்ட டிகிரியை முடிக்க வந்தவர். நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை ஆந்திரம் 1982-இல் தொடங்கிவைத்தது. அதற்குப் பிறகு இந்த இனத்துக்கு அழிவே இல்லை.

முதலில் காலக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். ஒரு செமஸ்டர் சும்மா இருந்தால் ஏழரை சென்டிமீட்டர். (ஏழரை என்ற எண்ணைச் சனியோடு முடிச்சுப் போடும் எண்ணம் இவ்வாய்வாளருக்கு இல்லை.) வெட்டுவதற்கு நாள் பார்த்தால், செவ்வாய் சலூனுக்கு வாரவிடுமுறை. வெள்ளி, சனி கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். திங்கள், புதன், வியாழனில் ஆபீஸ் விட்டு வருவதற்குள் கடைக்காரர் தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். மிச்சம் ஞாயிறு. அன்றுதான் திருப்பதியில் வகுப்பு; அன்றுதான் ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் முடி வளர்ந்திருப்பது நினைவுக்கு வருகிறது. அமாவாசையும் ஏகாதசியும் ஜன்ம நட்சத்திரமும் மேலே சேர்ந்தால், கணித முறைப்படி இந்த மனிதர் முடி வெட்டிக்கொள்ளவே முடியாது. ஆனாலும் வெட்டிக்கொள்கிறார். இதை விளக்கக் கணிதத்தால் ஆகாது.

'அதுதான் மலை மேலே மொட்டை போடும் கல்யாணகட்டா இருக்கிறதே' என்று மாற்றுக் கருத்தினர் வாதிடுவர். வலுவான வாதம். இரவு பகல் பேதமில்லை, கட்டணமில்லை, செவ்வாய்க்கிழமை விடுமுறை இல்லை. ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு ஸ்டைல். பெண்களுக்கு மட்டும் பூமுடி என்ற சலுகை உண்டு. இறங்கும் முடியின் மதிப்பையும் பார்க்க வேண்டும். தேவஸ்தானம் முடியை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. மிக நீளமானது முதல் தரம், 5 அங்குலத்துக்குக் குறைந்தது ஐந்தாம் தரம், நரை தனி ரகம். நம் ஆய்வுப்பொருள் ஐந்தாம் தரத்துக்கும் நரைக்கும் நடுவே எங்கோ நிற்கிறார். வகுப்பிலும் அவர் நிலை அதுதான். திருப்பதி முடியின் சர்வதேசப் பின்விளைவுகளும் சாதாரணமல்ல. 2004-இல், அந்நிய தெய்வத்துக்குக் காணிக்கையான முடி என்று யூத மதகுருமார்கள் தடை விதிக்க, நியூயார்க்கிலும் ஜெருசலேமிலும் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். காணிக்கை கொடுத்தவர் இங்கே லட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்திருப்பார்.

இனி கோட்பாட்டுக்கு வருவோம். தெலுங்கில் 'திருப்பதி க்ஷவரம்' என்பார்கள். கூட்டம் பொங்கி வழியும் நாளில், அந்தக் காலத்து நாவிதர் ஒருவர் தலையை நனைத்து நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாராம். அங்கேயும் ஒரு கோடு. அரைத்தலையோடு எங்கே எழுந்து போவது? இவரிடமே காத்திருக்க வேண்டியதுதான். நடந்ததா, கட்டிவிட்ட கதையா என்பதல்ல விஷயம். வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிப்பதன் இயக்கவியலை இதைவிடத் துல்லியமாக எந்தக் கல்வியாளரும் விளக்கவில்லை என்பதே விஷயம். முதல் வருஷ ஃபீஸ் கட்டியாயிற்று, இரண்டு பேப்பர் பாஸ், கோடு இழுத்தாயிற்று. அதன் பிறகு ஆபீசில் 'என்ன சார், இந்த வயசுல?' என்று கேட்டாலும் நாற்காலியை விட்டு எழ முடியாது.

அடுத்தது இருதலைச் சிக்கல். சக மாணவனுக்கு இருபது வயது. காதுக்கு மேலே தோல் தெரிய இறக்கி, உச்சியில் மட்டும் தோப்பு வைத்திருப்பான். மேனேஜருக்கு ஐம்பத்தைந்து, வகிடு ஸ்கேல் வைத்துக் கிழித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் தேவை. மிஷினில் ஒன்றாம் நம்பர் சீப்பு 3 மில்லிமீட்டர், இரண்டு 6, நான்கு சுமார் 13. பக்கவாட்டில் இரண்டு வைத்தால் வகுப்பில் 'அங்கிள்' என்ற சொல் குறைகிறது. ஆபீசில் புருவம் உயர்கிறது. நான்கு வைத்தால் நேர்மாறு. மூன்றாம் நம்பரில் இரு தரப்பும் சம அளவு அதிருப்தி அடைகின்றன என்பது இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. பரிசுக்கு அனுப்பத் தயங்கமாட்டேன். சுவரில் தொங்கும் விலைப்பட்டியலும் கைவிரிக்கிறது. பெரியவர் ஒரு விலை, சிறுவர் ஒரு விலை, சில இடங்களில் ஸ்டூடண்ட் என்று ஒரு விலை. ஐ.டி. கார்டை நீட்டினால் கடைக்காரர் கார்டைப் பார்க்கிறார், நரையைப் பார்க்கிறார், பெரியவர் விலையை வாங்கிக்கொள்கிறார்.

சரி, நல்ல முடிதிருத்துநர் யார்? ஏ.சி., சுழலும் நாற்காலி, சினிமா நட்சத்திரத்தின் போட்டோ, இவை ஒன்றும் அளவுகோல் ஆகா. 'ஷார்ட்டா, மீடியமா?' என்ற கேள்வியும் ஆகாது. அதற்கு என்ன பதில் சொன்னாலும் வருவது ஒன்றுதான். சித்தூரில் நான் இப்போது போகும் கடையில் இரண்டே நாற்காலி. குழந்தைகளுக்காகக் கைப்பிடிகள் மேல் போடும் பலகை மூலையில் சாய்ந்திருக்கும். அதன் நடுப்பகுதி தேய்ந்து பளபளக்கிறது. அவர் துணியைக் கழுத்தில் சுற்றி முடிந்து, தண்ணீர் அடித்து, பிடரியை இரண்டு விரலால் அழுத்திக் குனிய வைத்துக்கொண்டு கேட்டார்:

"எக்ஸாம் எப்பண்ணா?"

"வர்ற மாசம் பதினெட்டு."

"அப்ப இன்னைக்கு வேணாம். காதோரம் மட்டும் எடுத்துடறேன். பத்து நாள் முன்னாடி வாங்க, செட் ஆயிரும்."

அரைப் பிளேடால் காதோரத்தை வழித்து, படிகாரக் கல்லைத் தேய்த்து, துணியை உதறிவிட்டார். காசு வேண்டாம் என்றார். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புகிறவர் கைராசிக்காரர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவருக்கு வாரத்தின் ஏழு நாளும் தெரியும், என் பரீட்சைத் தேதியும் தெரியும். கணிதத்துக்கு அகப்படாத அந்த வழி, ஞாயிறு விடியற்காலையில் முதல் பஸ்ஸுக்கு முன் எனக்காகப் பாதி தூக்கப்படும் ஷட்டர்.

ஆனால் இத்தகைய ஒருவரைக் கண்டடைந்த பின்னும், வேண்டுதல் என்றொரு மாறி குறுக்கிடுகிறது. மாணவரிடையே இதில் இரண்டு கட்சி. முன்பணக் கட்சியார் பரீட்சைக்கு முன்பே மொட்டை போட்டுவிட்டு வந்து எழுதுவார்கள். பின்பணக் கட்சியார் அரியர் தீர்ந்தால்தான் மொட்டை என்று முடி வளர்ப்பார்கள். ஹால் டிக்கெட் போட்டோவோடு இரு கட்சியாருக்கும் ஒற்றுமை இராது. ஆனால் இந்த ஊர்க் கண்காணிப்பாளர்கள் பழகியவர்கள், மூக்கையும் காதையும் பார்த்தே உள்ளே விடுகிறார்கள். நஷ்டம் சலூன்காரருக்குத்தான். முதல் கட்சியார் மூன்று மாதம் கடைப்பக்கம் வரமாட்டார்கள். இரண்டாம் கட்சியார் ரிசல்ட் வரும்வரை வரமாட்டார்கள், வந்த பிறகு நேரே மலைக்குப் போய்விடுவார்கள். நான் எந்தக் கட்சி என்று அவர் இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டார். ரிசல்ட் தேதியை என் மனைவிகூட அத்தனை அக்கறையாக விசாரிப்பதில்லை.