சஸ்பெண்ட் என்னும் சர்வரோக நிவாரணி

காரமடை ஒன்றியத்துத் தேக்கம்பட்டியில், பவானிக் கரையில், கோயில் யானைகளுக்கு 48 நாள் புத்துணர்வு முகாம் நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷவர் குளியல், எடை மேடை, நடைபாதை, சூரணம், லேகியம். யானைக்கு வந்த யோகத்தை டிவியில் பார்த்து நாமும் மெய்சிலிர்த்தோம்.

2021 பிப்ரவரியில் அதே முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதா மரத்தடியில் நின்று அலறியது. பாகனும் உதவியாளரும் அதன் காலிலேயே தடியால் விளாசினார்கள். புத்துணர்வு ஊட்டும் முறை போலும்! யாரோ செல்போனில் பிடித்துவிட்டார். வீடியோ ஊரெல்லாம் ஓடிய பிறகு அறநிலையத் துறைக்குக் கண் தெரிந்தது. சஸ்பெண்ட், வழக்கு, கைது. துறையின் மனசாட்சி நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

அடித்தவருக்கு நான் வக்கீல் இல்லை. கட்டிப்போட்ட உயிரை அடித்தால் தண்டனை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேனுங்க. யானையை எடை மேடையில் ஏற்றியவர்களே, அதோடு இரவும் பகலும் கிடக்கிற ஆள் யாரிடம் தொழில் கற்றார்? வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா? யானை முரண்டு பிடித்தால் நடுராத்திரியில் யாருக்குப் போன் போடுவார்?

அரசுக்குப் பயிற்சியே தெரியாது என்று சொன்னால் பாவம். 2023-இல் வனத்துறையின் தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் பாகன், காவடி (உதவிப் பாகன்) 13 பேரைத் தாய்லாந்துக்கு அனுப்ப 50 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிற மலசரும் குறும்பரும் யானையைப் பற்றித் தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டுமாம். அதே ஆண்டு மார்ச்சில், தெப்பக்காட்டுப் பாகன் தம்பதியைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வந்தது. உடனே அந்த முகாம்களின் பணியாளர் 91 பேருக்குத் தலா 1 லட்சம், வீடு கட்ட 9.10 கோடி. கொடுத்தது நல்லதுதான். பாகனுக்கும் கூரை வேண்டும் என்பது லாஸ் ஏஞ்சல்ஸில் கைதட்டின பிறகுதானே சென்னைக்குக் கேட்டது!

2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. இந்த முறை சஸ்பெண்ட் செய்ய ஆள் இல்லை.

ஆபீசர் அய்யா, அடுத்த முகாமுக்குத் திட்டம் போடும்போது ஷவருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: ஒவ்வொரு கோயில் பாகனுக்கும் ஒரு மாற்று ஆள், தெப்பக்காட்டில் மூன்று மாதப் பயிற்சி. தாய்லாந்து வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறினால் போதும். ஊட்டியிலிருந்து மைசூர் பஸ் தெப்பக்காடு வழியாகத்தான் போகிறது.