வாய்தா வாங்கும் வாயில்: ஜூனியர் வழக்கறிஞர் குறித்து ஓர் அகத்திணை ஆய்வு

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நுழைபவர் வாதாட வருகிறார் என்பது பொதுமக்கள் நம்பிக்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சட்டக் கல்லூரி, பார் கவுன்சில் பதிவு, அகில இந்தியத் தேர்வு என எல்லாம் தாண்டி வந்தவர் முதல் சில ஆண்டுகளில் மன்றத்தில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சீனியர் இஸ் ஆன் ஹிஸ் லெக்ஸ் இன் அனதர் கோர்ட், மை லார்ட்." சீனியர் வேறொரு மன்றத்தில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறாராம். உண்மையில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

இந்நிலையை விளக்கத் தொல்காப்பியக் கற்பியலே போதும். பிரிந்து போன தலைவன் நேரில் வர அஞ்சித் தூதாக வாயில் விடுக்கிறான். வந்தவர் மெய்யும் பொய்யும் கலந்து அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். ஊடியிருக்கும் தலைவி வாயில் நேர்கிறாள், அல்லது மறுக்கிறாள். தலைவன் இங்கே சீனியர், ஊடுவது பெஞ்ச். பரத்தையர் சேரி இருக்க வேண்டிய இடத்தில் மாடியிலுள்ள இன்னொரு கோர்ட் ஹாலை வைத்துக்கொள்க. (அவமதிப்பு வழக்கை எண்ணி இவ்வொப்புமையை மேலும் விரிக்கவில்லை.) தொல்காப்பியர் அடுக்கும் பன்னிரு வாயில்களில் பாணனோடு இளையரும் இருப்பதை உரையாசிரியர்கள் இந்தக் கோணத்தில் பார்க்கத் தவறினர். ஊடலுக்குரிய மருதத் திணைக்குச் சிறுபொழுது வைகறை என்பது மட்டும் இடிக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஊடல் காலை 10.30-க்குத்தான் தொடங்குகிறது.

வியப்பு என்னவென்றால், சட்டம் இந்த வாயிலை என்றோ அடைத்துவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 17, ரூல் 1, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணமே ஆகாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது, சட்டம் பெயர் சொல்லி விலக்கிய ஒன்றைத்தான் ஜூனியர் தினமும் பணிவோடு எடுத்து நீட்டுகிறார். 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரரின் கையை மீறிய சூழலில் நான்காவதும் தரலாம் என்று கதவை ஒரு சாண் திறந்து வைத்தது. அந்த ஒரு சாணில் எத்தனை கவுன்கள் நுழைகின்றன என்பதை வளாகத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

பெஞ்ச் சீறினால் ஜூனியர் பிழைத்துக்கொள்வார். தலை குனிந்தால் போதும். "நீங்களே ஆர்க்யூ பண்ணுங்களேன்" என்று கனிவாகச் சொன்னால்தான் ஆபத்து. வழக்குக் கட்டு அவர் கையில் இருக்கிறது. கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். அந்நேரம் காப்பாற்றுகிறவர் எதிர்த்தரப்பு ஜூனியர். "நோ அப்ஜெக்‌ஷன், மை லார்ட்" என்கிறார். அடுத்த வாரம் அவருடைய சீனியர் வரமாட்டார்.

பாணர்க்குப் பரிசாகப் பொற்றாமரை கிடைத்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு 2024-இல் பார் கவுன்சிலுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் சீனியரிடம் எடுத்துச் சொல்ல ஒரு வாயில் தேவைப்படுகிறது.

சில நாள் வாய்தா செலவுத்தொகையோடு கிடைக்கும். கட்டுவது தலைவனும் அல்லர், வாயிலும் அல்லர். பின்சுவரோடு ஒட்டி நின்று, என்ன நடந்தது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் கட்சிக்காரர். வேறு வழியின்றி அவரைத் தொல்காப்பியர் பட்டியலில் கண்டோர் என்னும் கடைசி வகையில் சேர்த்திருக்கிறோம்.